சம்ப் வைத்த மீன் தொட்டி வாங்குகிறீர்களா? மெயினை அணைத்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

திருப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து மாதத்துக்குள் மூன்று தடவை மீன் தொட்டித் தண்ணீரைத் துடைத்திருக்கிறேன். கடையின் பேரைப் போடவில்லை. அங்கே பொருத்திக் கொடுத்த அதே அமைப்பை வேறு இரண்டு வீடுகளிலும் பார்த்துவிட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. விளிம்பு வரை ஊற்றினால் 255 லிட்டர் பிடிக்கும். கீழே கேபினட்டுக்குள் 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடியில் ஒரு சம்ப். மேல் தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும், அங்கே ஸ்பாஞ்சில் வடிந்ததும் பம்ப் திரும்ப மேலே ஏற்றும். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அட்வான்ஸ் 20,000, மீதி மாட்டுகிற அன்றைக்கு. பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் 'எஸ்டிமேட்' என்று எழுதி ஒரு சீட்டு வந்தது. கடைப் பேர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தொட்டியில் ஓட்டை போட்டு பைப் இறக்கலாமே என்றும் கேட்டேன். "ஓட்டை போட்டா கண்ணாடி வீக்காயிருமுங்க்கா, ஒரு நாளைக்கு டப்புனு வெடிச்சுரும்" என்றார் கடைக்காரர். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன்டு கண்ணாடியில்தான் ஓட்டை போட முடியாது. சாதாரணக் கண்ணாடியில் டைமண்ட் பிட் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தாராளமாகப் போடலாம். அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அவர் விற்றது, தொட்டி விளிம்பில் தொங்கவிடுகிற ஒரு பெட்டி. விளிம்பைத் தாண்டி வளைந்து போகும் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். குழாய்க்குள் காற்று புகாதவரை ஓடும், புகுந்தால் நின்றுவிடும்.

மாட்டின நாலாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குக் கரண்டு போனது. நான் கம்பெனிக்குப் போய்விட்டேன், அத்தை பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்பக்கம்) துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 9.20க்குப் போன். "ஏனம்மிணி, ஆசாரம் பூராத் தண்ணி நிக்குது, மீன் தொட்டி ஒடைஞ்சு போச்சாட்ட இருக்குது."

ஓடி வந்து பார்த்தால் தொட்டி உடையவில்லை. தண்ணீர் மட்டும் சரியாக 4 அங்குலம் இறங்கி, பம்ப்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய்க்கு நேராக நின்றுகொண்டிருந்தது. சம்ப் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. கேபினட்டின் அடிப்பலகை டீயில் முக்கிய வர்க்கி மாதிரி உப்பியிருந்தது. தண்ணீர் தாங்கும் 'மரைன் பிளை' என்று சொல்லித் தந்த பலகை. ஓரத்தை நகத்தால் சுரண்டினேன், மரத்தூள் உதிர்ந்தது.

கடைக்காரர் சொன்ன காரணம்: "வோல்டேஜ் ஏறி எறங்கியிருக்குமுங்க்கா." கரண்டே இல்லாத நேரத்தில் எந்த வோல்டேஜ் ஏறியதோ தெரியவில்லை. மறுநாள் ஒரு பையன் வந்து தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை மாட்டிவிட்டு 650 ரூபாய் வாங்கிப் போனான். நானும் கொடுத்தேன். மீதிப் பணத்தை மாட்டின அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருந்ததால், பிடித்து வைத்துப் பேச கையில் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் வால்வு காப்பாற்றியது. அப்புறம் நோம்பிக்கு அப்பா வந்திருந்த சமயம், கரண்டு போய் மறுபடியும் அதே 4 அங்குலம், அதே வெள்ளம். வால்வைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் சின்ன மூடியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதன் இடுக்கில் மிளகளவு ஒரு நத்தை. மூடி முழுசாக உட்காரவே இல்லை. எங்கள் வீட்டில் நல்ல தண்ணியை மீனுக்கு ஊற்ற மனசு வராது, தொட்டிக்குப் போர் உப்புத்தண்ணிதான். எங்கள் மோலி மீன்களுக்கு அது பிரச்சனையில்லை, வால்வுக்குத்தான் ஆகவில்லை.

அப்பா தாராபுரம் பக்கம் விவசாயம். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தவர், "இது டீசல் உறிஞ்சுற வேலைதானே சாமி" என்றார். ஆயில் என்ஜின் காலத்தில் பேரலில் ஓஸை விட்டு வாயால் ஓர் இழுப்பு இழுத்துக் கீழே போட்டால், பேரலுக்குள் ஓஸின் முனை வெளியே தெரிகிற வரைக்கும் டீசல் நிற்காது. இங்கேயும் அதே கதைதான். பம்ப் ஓடும்போது மேலே ஏற்றிய குழாய், பம்ப் நின்றதும் திரும்பக் கீழே இழுக்கிறது. குழாயின் வாய் தண்ணீருக்குள் 4 அங்குலம் முங்கியிருந்ததால் 4 அங்குலத் தண்ணீரும் இறங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். என் தொட்டியில் 1 அங்குலம் என்பது 14 லிட்டர். நாலு அங்குலத்துக்கு 56. சம்ப்பின் மொத்தக் கொள்ளளவே 57 லிட்டர்தான், அதில் முக்கால் வாசியை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்கள். காலியாக இருந்தது 14 லிட்டருக்கான இடம். ஆக, கரண்டு போகிற ஒவ்வொரு தடவையும் 42 லிட்டர் தரைக்கு வந்தே தீரும். முதல் நாளே கடையில் யாராவது இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். கணக்குத் தெரியாமல் இல்லை, பெரிய சம்ப் வைத்தால் கேபினட்டும் பெரிதாக வேண்டும், விலை ஏறும், நான் வாங்காமல் போய்விடுவேன் என்பதுதான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வைத்தியம் சுலபமாக முடிந்தது. அப்பா ஓர் ஆணியை அடுப்பில் காய்ச்சி, மேலே வரும் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே ஒரு ஓட்டை போட்டார். கரண்டு போய்த் தண்ணீர் அரை அங்குலம் இறங்கியதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகும், இழுப்பு அறுந்துவிடும். இப்போது இறங்குவது அரைக் குடம்தான். ஓட்டையில் பாசியும் உப்பும் அடைக்காமல் மாசம் ஒரு தடவை குண்டூசியால் குத்திவிட வேண்டும், அவ்வளவுதான். பழைய வால்வு மகளின் விளையாட்டுச் சாமானில் சேர்ந்துவிட்டது.

பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை கரண்டு போகவே இல்லை. ராத்திரி இரண்டு மணி இருக்கும், 'டிக்' என்று மெயின் பெட்டியில் சத்தம், வீடே இருட்டு. இன்வெர்ட்டர் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. செல்போன் வெளிச்சத்தில் ஹாலுக்கு வந்தால் கால் நனைகிறது. இந்தத் தடவை தண்ணீர் மேல் தொட்டியின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்திருந்தது. பம்ப்பும் லைட்டும் செருகியிருந்த ஸ்பைக் பஸ்டர் கேபினட்டுக்கு உள்ளேயே, தரையில். அதை அங்கே வைத்ததும் அந்தப் பையன்தான். எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் மெயினைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்ததால் உடனே மெயின் விழுந்தது. அது இல்லாத வீட்டில் வெறுங்காலோடு யாராவது அந்தத் தண்ணீரில் நின்றிருந்தால்? அதை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. விடிந்ததும் ஸ்பைக் பஸ்டரைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறுகிற மாதிரி விட்டேன். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கேபினட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மோலி காய்ந்து கிடந்தது. மகளிடம் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

இதற்குக் காரணம் அந்தத் தொங்கும் பெட்டி. அதன் குழாய்க்குச் சரியாக அடியில் ஏர் ஸ்டோனை, அதாவது காற்றுக் குமிழ் விடுகிற கல்லை வைத்திருக்கிறார்கள்! குமிழ்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளைவின் உச்சியில் சேர்ந்து ஒரு நாள் தண்ணீரை அறுத்துவிட்டன. கீழே இறங்குவது நின்றது, மேலே ஏற்றுவது நிற்கவில்லை. சம்ப்பில் தடுப்பே இல்லாததால் பம்ப்புக்கு எட்டியது அங்கிருந்த 42 லிட்டரும். மேல் தொட்டியில் காலி இடம் 1 அங்குலம், அதாவது 14 லிட்டர். மீதி எங்கே போகும்?

கடைக்கு நேரில் போனேன். முதலில் "மீன் குதிச்சு அடைச்சிருக்குமுங்க்கா" என்றார். கணக்கெழுதிய காலண்டர் தாளை மேசையில் வைத்ததும் குரல் மாறியது. "சாரை வரச் சொல்லுங்க, அவருகிட்டப் பேசிக்கறேன்." சார் என்றால் என் கணவர், கோவையில் மெஷின் பார்க்கிறவர், இந்தத் தொட்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்லை. தொட்டிக்குப் பணம் கட்டியது நான், தரை துடைத்தது நான், பேச மட்டும் சார் வேண்டுமாம். பில் இருக்கா என்று கடைசியில் கேட்டார். அந்த வெள்ளைச் சீட்டு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் பணம் ஜிபேயில் போயிருந்தது, தேதியோடு. தொட்டியின் அளவு, 'மரைன் பிளை' என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப், உப்பிய பலகையின் படம் எல்லாம் இருந்தன. 1915க்குப் போன் செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்து ஒரு நம்பர் தந்தார்கள். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதையெல்லாம் எழுதி அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். நாலு நாளில் கேபினட்டுக்கு என்று 9,000 ரூபாய் வந்தது. தொங்கும் பெட்டிக்கும் வால்வுக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்கு மேல் இழுக்க எனக்குத் தெம்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தொட்டியைக் காலி செய்து கோவையில் வேறொரு இடத்தில் கொடுத்தேன். பின்பக்கக் கண்ணாடியில் இரண்டு ஓட்டை போட்டார்கள், ஒன்று வழக்கமாக இறங்க, இன்னொன்று அது அடைத்தால் இறங்க. கொஞ்சம் பெரிய சம்ப், உள்ளே தடுப்புகள், பம்ப் இருக்கும் அறை மட்டும் வேண்டுமென்றே சின்னதாக. மாட்டி முடித்ததும் அந்தத் தம்பியிடம், "மீதிப் பணம் ரெடியா இருக்குது, மெயினை அணைச்சுக் காட்டுங்க" என்றேன். அணைத்தார். கால் மணி நேரம் இரண்டு பேரும் சம்ப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். தண்ணீர் ஏறி நின்றபோது விளிம்புக்கு இன்னும் 3 அங்குலம் இருந்தது. திரும்பப் போட்டதும் யாரும் கை வைக்காமல் தானாகவே வழிய ஆரம்பித்தது. பம்ப் ஓடும்போது சம்ப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். அப்புறம் இரண்டு ஓட்டையையும் துணியால் அடைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் அடைத்தார். மேல் தொட்டி நிரம்பி வழிவதற்குள் பம்ப் அறை காலியாகி கரகரவென்று காற்றை இழுத்தது.

"இப்படி யாருமே கேட்டதில்லீங்க்கா" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன், ஜிஎஸ்டி பில் தந்தார்.

அந்தக் கோட்டுக்கு மேல் மகள் பெரிய எழுத்தில் 'இதுக்கு மேல ஊத்தாதீங்க ஆத்தா' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அத்தை தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் கேபினட்டைத் திறந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.