ராக் கச்சேரியும் கையெழுத்தும்: காலாங்கா, எஸ்பிளனேடா, சின்ன மேடையா?

சிங்கப்பூரில் ராக் கச்சேரிக்குப் போகிறவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்குக் கடைசிப் பாட்டோடு இரவு முடிவதில்லை. பையில் ஒரு ஆல்பத்தின் உறை இருக்கும், கூடவே ஒரு மார்க்கர் பேனா. எந்தக் கதவருகே நின்றால் வாசித்தவர்களைப் பார்க்கலாம் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் இருக்கும் காசுக்கு எங்கே போனால் பாட்டும் நன்றாக இருக்கும், கையெழுத்தும் கிடைக்கும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரம்மாண்டம் வேண்டுமென்றால் பெரிய விளையாட்டரங்குகள் இருக்கும் காலாங். கையெழுத்து வேண்டுமென்றால் சின்ன மேடை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

காலாங்கின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 2014-இல் திறந்த தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள். யூ2 குழு 2019 கடைசியில் இங்கே இரண்டு இரவுகள் வாசித்தது. கோல்ட்பிளே 2024 ஜனவரியில் ஆறு இரவுகள். அந்தக் கூரைக்கடியில் அரங்கம் முழுக்க ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது வரும் சிலிர்ப்பை வேறெந்த இடமும் தராது. பாட்டுக்காக மட்டுமே போகிறவருக்குக் கொடுத்த வெள்ளி வீணாகாது. ஆனால் அங்கே கையெழுத்து என்பதை மறந்துவிட வேண்டியதுதான். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் காவலர்கள். குழு மேடையிலிருந்து இறங்கி நேராக வண்டி ஏறும். நாம் ஸ்டேடியம் எம்.ஆர்.டி. வாசலில் வரிசை பிடித்து நிற்கும்போது அவர்கள் ஊருக்குள் பாதி தூரம் போயிருப்பார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் இண்டோர் ஸ்டேடியம் சற்று வேறு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்தது, 1989 கடைசியில் திறந்தது, சுமார் 12,000 பேர் கொள்ளும். அயர்ன் மெய்டன் 2011-இல் வாசித்தது அங்கேதான், மெட்டாலிக்கா 2017-இல் வாசித்ததும் அங்கேதான். ராக்கின் கடுமையான வகையான மெட்டல் இசைக்கு அந்த அளவு சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்: சத்தம் நெஞ்சில் இடிக்கும், அதே நேரம் டிரம்மரின் முகமும் தெரியும். மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதியில் டிக்கெட் கிடைத்தால் கையெழுத்துக்குப் பதிலாக வேறு சில நினைவுப் பொருள்களுக்கு வாய்ப்பு உண்டு. கிதார் கலைஞர்கள் தந்தி மீட்டும் சிறு துண்டான பிக்கை வீசுவார்கள், டிரம்மர் கடைசியில் குச்சிகளை எறிவார். பாடல் வரிசை எழுதிய தாளைக் கறுப்பு டேப்பால் மேடைத் தரையில் ஒட்டியிருப்பார்கள். விளக்கு போட்டதும் மேடையைக் கழற்ற வரும் ஊழியரிடம் தன்மையாகக் கேட்டால் சில நேரம் எடுத்துக் கொடுப்பார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்கில் இருக்கும் கையெழுத்து அச்சடித்தது. அன்றைய மேடையில் அவர் விரலில் இருந்தது என்பதுதான் அதன் மதிப்பு, அதைக் கையெழுத்து என்று சேகரிப்பில் சேர்க்கக் கூடாது.

பெரிய அரங்கில் கையெழுத்துக்கு உள்ள ஒரே நேர்வழி விஐபி டிக்கெட். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விஐபி என்ற ஒரே பெயருக்குள் பலவகை இருக்கின்றன. சிலவற்றில் முன்னதாக உள்ளே விடுவார்கள், கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தருவார்கள், அவ்வளவுதான். சிலவற்றில் குழுவோடு ஒரு புகைப்படம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், பேனாவை வெளியே எடுக்கவே விட மாட்டார்கள். சிலவற்றில் கையெழுத்திட்ட சுவரொட்டி உண்டு, ஆனால் அது முன்பே கட்டுக்கட்டாகப் போட்டு வைத்தது, நம் கண்முன் போட்டதல்ல. கலைஞர் நேரில் அமர்ந்து, நாம் கொண்டுவந்த பொருளில் கையெழுத்துப் போடும் வகை மிகக் குறைவு. என் நண்பர் ஒருவர் வெளிநாட்டுக் குழு ஒன்றுக்குச் சாதாரண டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு கொடுத்து விஐபி எடுத்தார். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு துணிப்பையும் சுவரொட்டியும். விளம்பரத்தில் எழுதியிருந்தது எல்லாமே கிடைத்தது; அவர் நம்பிப் போனது மட்டும் அதில் எழுதப்படவே இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: கலைஞர் நேரில் வருகிறாரா, சொந்தப் பொருளில் கையெழுத்து உண்டா? தெளிவான பதில் இல்லாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மரினா விரிகுடா ஓரத்துக் கலை மையமான எஸ்பிளனேட். 2002 அக்டோபரில் திறந்தது. கச்சேரி மண்டபத்தில் ஏறத்தாழ 1,600 பேர், நாடக அரங்கில் ஏறத்தாழ 2,000 பேர். ராக் என்றால் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த மெத்தை இருக்கைகள் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் காதில் விழும் இடம் அது. கையெழுத்துக்கும் காலாங்கைவிட எவ்வளவோ மேல். சில நிகழ்ச்சிகளுக்குப் பிறகு முகப்புக் கூடத்தில் மேசை போட்டுக் கலைஞர்கள் உட்காருவார்கள். இது எல்லா நிகழ்ச்சிக்கும் கிடையாது. உள்ளே நுழையும்போதே வாசல் ஊழியரிடம் கேட்டுவிட்டால், கடைசிப் பாட்டுக்குக் கைதட்டி முடித்ததும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்திருக்கும். ஆளுக்கு ஒரு பொருள் என்று கட்டுப்பாடு இருக்கலாம், அதனால் இருப்பதிலேயே முக்கியமானதை மேலே வைத்துக்கொள்வது நல்லது. நவம்பர் மாதத்தில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வரும்போது இந்தியாவிலிருந்து வரும் கலைஞர்களையும் அதே வளாகத்தில் பார்க்கலாம். போனா விஸ்தாவில் 5,000 பேர் கொள்ளும் ஸ்டார் அரங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. பார்வைக்கு வசதியான இடம், கையெழுத்து விஷயத்தில் காலாங்கின் தம்பி.

இனி எனக்கு மிகவும் பிடித்த சின்ன மேடை. எஸ்பிளனேடிலேயே 2002 முதல் நடக்கும் பேபீட்ஸ் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் குழுக்களும் வட்டாரக் குழுக்களும் திறந்த வெளியில் வாசிக்கும் இலவச விழா. வாசித்து முடித்தவர்கள் வேர்த்த சட்டையோடு கூட்டத்துக்குள் வந்து அடுத்த குழுவைக் கேட்பார்கள். அங்கே யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்க வேண்டியதில்லை, போய்ப் பேச வேண்டியதுதான். அதற்கும் முந்திய தலைமுறைக்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சப்ஸ்டேஷன் இருந்தது. 1990-இல் குவோ பாவ் குன் தொடங்கிய கலையிடம் அது. 2021-இல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகும்வரை பங்க், மெட்டல் குழுக்களுக்குத் தாய்வீடு போல இருந்தது. அது போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். அப்படிப்பட்ட இடங்கள் இருந்ததால்தான் 1992-இல் தொடங்கிய ருத்ரா போன்ற குழுக்கள் வளர முடிந்தது. கதிர் பாடி பேஸ் கிதாரும் வாசிக்கும் அந்தக் குழு, வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத சுலோகங்களையும் கடுமையான மெட்டல் இசையில் வைத்துப் பாடியது. அந்த இசைக்கு வேத மெட்டல் என்ற பெயரும் நிலைத்தது. முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் ராக் கையெழுத்து சேகரிக்கத் தொடங்குகிறார் என்றால், லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குக் காத்திருப்பதற்கு முன்னால் நம் ஊர்க் குழுக்களின் ஆல்பங்களைத் தேடி எடுப்பதுதான் முறை என்பேன். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கிதார் கடைகளில் சும்மா ஒரு சுற்று சுற்றினாலே யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று காதில் விழுந்துவிடும்.

சின்ன மேடையில் எல்லாம் நடப்பது மெர்ச் மேசையருகேதான். டி-சட்டை, சிடி, எல்பி இசைத்தட்டு விற்கும் அந்த மேசையில் பல நேரம் குழுவின் ஆட்களே நிற்பார்கள். பயணம் வந்த குழுவுக்கு அந்த விற்பனைதான் வழிச்செலவு. அதனால் முதலில் ஏதாவது வாங்குங்கள், அப்புறம் பேனாவை நீட்டுங்கள். முதலில் வாசிக்கும் துணைக்குழுவை அலட்சியம் செய்யாதீர்கள். தலைமைக் குழு மேடையில் இருக்கும் நேரம் முழுக்க அவர்கள் கையில் வேலை இல்லாமல் அங்கேதான் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். அப்படி ஒரு மேசையருகே ஒரு பையன் முழுக் கறுப்பு எல்பி உறையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான்:

“அண்ணே, இதுல எங்க போடச் சொல்றது?”

“உன் பேனாவும் கறுப்புதானே தம்பி, தெரியவே தெரியாது. இந்தா, வெள்ளிப் பேனா. முதல்ல பிளாஸ்டிக் கவரக் கழட்டிடு.”

இது சின்ன விஷயம் இல்லை. கண்ணாடித் தாள் சுற்றியிருக்கும்போதே கையெழுத்து வாங்கினால் அது அந்தத் தாளோடு போய்விடும். கறுப்பு உறைக்கு வெள்ளி அல்லது தங்க நிறப் பெயிண்ட் பேனா வேண்டும். அதையும் வீட்டிலேயே குலுக்கி, முனையில் மை வரும்வரை அழுத்தித் தயாராக வைத்திருக்க வேண்டும். சிடி என்றால் உள்ளிருக்கும் சிறு புத்தகத்தை வெளியே எடுத்து, சரியான பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். பளபளப்பான தாளில் மை காயச் சில நிமிடம் ஆகும், உடனே மூடாதீர்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது, பெயர் இருந்தால் விலை குறையும். அதனாலேயே கலைஞர்களுக்குப் பிடிக்கும்: இவர் வியாபாரி இல்லை, ரசிகர் என்று தெரிந்ததும் முகம் மாறும். நம் பெயர்களை அந்தச் சத்தத்தில் கேட்டு எழுதுவது யாருக்கும் கஷ்டம், ஒரு சிறு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

விமான நிலையத்திலும் ஹோட்டல் வாசலிலும் காத்திருப்பது இன்னொரு வழி. இதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய குழுக்கள் தனி விமானத்தில் வருவதுண்டு, அப்போது சாங்கி வருகைக் கூடத்தில் நிற்பதில் பயனே இல்லை. ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். 1972-இல் லெட் செப்பெலின் குழுவை நீளமுடி காரணமாக நாட்டுக்குள்ளேயே விடவில்லை, கச்சேரியும் நடக்கவில்லை. இன்று கதவு திறந்திருக்கிறது. ஆனால் பயணக் களைப்போடு வரும் மனிதரை மின்தூக்கி வரை பின்தொடர்வது ரசிகருக்கு அழகல்ல. 2014-இல் வந்த தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டம் பின்தொடர்தலைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. வரவேற்புக் கூடத்தில் எதிர்பாராமல் பார்த்தால் ஒரு வணக்கம், ஒரு வேண்டுகோள், மறுத்தால் ஒரு நன்றி, அதோடு சரி.

தபாலில் அனுப்பி வாங்குவது பழைய பழக்கம், இப்போது பெரும்பாலும் அடைபட்ட பாதை. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 2008 அக்டோபர் 20-க்குப் பிறகு வரும் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

கடைசியாகக் காசு கொடுத்து வாங்குவது. எனக்கு இதில் நம்பிக்கை மிகக் குறைவு, காரணம் வரலாறு. பீட்டில்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோது அவர்களுடைய உதவியாளர்களே நால்வர் பெயரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் அந்தக் காலத்தவைதான், அதே மைதான், கை மட்டும் வேறு. 2022-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கையெழுத்திட்டதாகச் சொல்லி 900 புத்தகப் பிரதிகளைத் தலா 599 அமெரிக்க டாலருக்கு விற்றார்கள். கூடவே பதிப்பகத்தின் உறுதிக் கடிதம். வாங்கியவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எல்லாம் ஆட்டோபென் என்ற இயந்திரம் போட்டவை என்று தெரிந்தது. டிலன் மன்னிப்புக் கேட்டார், பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. பதிப்பகத்தின் கடிதமே இந்த நிலை என்றால், முகம் தெரியாத விற்பனையாளர் தரும் சான்றிதழை எப்படி நம்புவது? பிஎஸ்ஏ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் சொல்வதும் நிபுணரின் கருத்துதான், நேரில் பார்த்த சாட்சி அல்ல. மறைந்துவிட்ட கலைஞர் என்றால் வேறு வழியில்லை, விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். உயிரோடு இருந்து இன்னமும் ஊர் ஊராக வாசிக்கிறவர் என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு கச்சேரி டிக்கெட் வாங்குங்கள்.

வாங்கியதைக் காப்பது நம் ஊரில் தனிப் பாடு. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அட்டை உறையில் பூஞ்சைப் புள்ளி விழ அதிக நாள் ஆகாது. புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று இருந்தால் சிடி புத்தகங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் போதும். எல்பிகளை வெயில் படாத அறையில் நிமிர்த்தி வையுங்கள். மலிவான பிவிசி உறை மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். வீவக வீட்டின் வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதானால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், மார்க்கர் மை வெயிலில் வெளிறிவிடும். டிக்கெட் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது, பழைய காலம் போலக் கிழித்த பாதித் தாள் மிஞ்சுவதில்லை. ஆகவே அன்றிரவே ஒரு துண்டுத் தாளில் தேதி, இடம், யார் கையெழுத்து, எந்தச் சூழலில் கிடைத்தது என்று பென்சிலால் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள். குழு முழுவதும் கையெழுத்துப் போட்டிருந்தால் எது யாருடையது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள், நான்கைந்து கிறுக்கல்களில் பேஸ் வாசித்தவருடையது எது என்று பிற்பாடு கண்டுபிடிப்பது கடினம்.