ஓராண்டா, நான்காண்டா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு வரும் முதலாண்டு உயரக்காரருக்கு எது நல்லது: ஒரே ஆண்டு ஆடிவிட்டு தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போவதா, நான்காண்டு இருந்து வளர்வதா? கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆந்தனி டேவிஸ் ஒரே சீசன்தான் ஆடினார். 2012 தேசியக் கல்லூரி இறுதிப்போட்டியில் கேன்சஸுக்கு எதிராக 10 ஷாட் அடித்து ஒன்றுதான் உள்ளே போனது. ஆனாலும் 16 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தடுப்பது). கோப்பையும் வந்தது, சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அந்த ஆண்டே, என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலிடம். பள்ளியில் பந்தைத் தட்டிக் கொண்டுசெல்லும் கார்டாக ஆடியவர், திடீரென வளர்ந்த பிறகும் பந்தைக் கையாளும் லாவகம் போகவில்லை. அப்படி ஒருவரை பெஞ்சில் வைத்து என்ன சொல்லித்தர?

பர்டியூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி கதை வேறு. 7 அடி 4 அங்குலம். சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும்தான், கூடைப்பந்துக்கு வந்ததே தாமதம். முதலாண்டில் சக வீரர் டிரெவியன் வில்லியம்ஸுக்கு மாற்றாக, ஆட்டத்துக்குச் சராசரியாக சுமார் 15 நிமிடம், 8.7 புள்ளி. நான்காம் ஆண்டில் 25.2! அதிக நிமிடம் ஓடும் தெம்பு வந்ததுதான் பெரிய மாற்றம் என்பேன். 2024 இறுதிப்போட்டியில் 37 புள்ளி எடுத்தும் கனெக்டிகட்டிடம் தோல்வி. டிராஃப்டில் 9ஆம் இடம்.

நான் பயிற்சியாளரானால், தாமதமாக வந்த பையனை ஈடி வழியில்தான் விடுவேன். டேவிஸ் மாதிரி ஆள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?