குளூட்டன் ஃப்ரீ சப்பாத்தி மாவு: ஐந்துக்கு இரண்டரை

முதலில் மாவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், மற்ற கதை அப்புறம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாத மாவு இது. பிராண்ட் பெயர் எழுதப்போவதில்லை. கடையில் நான் எடுத்துப் பார்த்த மற்ற பாக்கெட்டுகளிலும் பின்பக்கம் ஏறக்குறைய இதே சமாச்சாரம்தான் இருந்தது: அரிசி மாவு, சோளம், கொஞ்சம் கேழ்வரகு, கடலை மாவு, இசப்கோல், மாவை ஒட்ட வைக்கும் சாந்தன் கம். விலை சாதாரண கோதுமை மாவைவிட நாலு மடங்குக்குக் குறையாது. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் சப்பாத்தி வராது, பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இடியாப்ப மாவுக்குச் செய்வதுபோல உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இசப்கோல் தண்ணீரை இழுத்துக்கொள்ள அந்த நேரம் தேவை. பலகையில் நேரடியாகத் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு கிழியும், அதனால் கழுவிய இரண்டு பால் கவர்களுக்கு நடுவில் உருண்டையை வைத்துத் தேய்ப்பதுதான் வழி. ஓரம் வெடிக்கத்தான் செய்யும், கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். கல்லில் உப்பவே உப்பாது. சுடச்சுடக் குருமாவோடு சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது, சோள ரொட்டி வாசனை லேசாக வரும். ஆனால் ஆறினால் விறைத்துவிடுகிறது. டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பினால் மதியம் அது உடைந்த துண்டுகளாகத்தான் இருக்கும்.

இதில் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறுகிறாரே, அந்த இழுவை முழுக்க குளூட்டன் செய்கிற வேலை. கோதுமைப் புரதம் தண்ணீர் பட்டதும் வலை மாதிரி பின்னிக்கொள்வதால்தான் சப்பாத்தி மடிகிறது, உப்புகிறது. அதை எடுத்துவிட்டு இசப்கோலையும் கம்மையும் வைத்து ஒப்பேற்றினால் இவ்வளவுதான் வரும்.

சரி, ஏன் வாங்கினேன்? சாயங்காலமானால் வயிறு உப்பிச் சுடிதார் நாடாவைத் தளர்த்தும்படி ஆகும், வாயில் மாறி மாறிப் புண், மாடி ஏறினால் மூச்சு வாங்கும் அளவுக்கு அசதி, தலைசீவினால் சீப்பு முழுக்க முடி. ஓமத் தண்ணீர், மெடிக்கல் ஷாப் கேஸ் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக்காரருக்குச் சுகர் என்பதால் இரவில் எங்கள் வீட்டில் சப்பாத்திதான், அதனால் யாரைக் கேட்டாலும் கை நீண்டது கோதுமையின் பக்கம். ஆர்கானிக் கடைக்காரர் "இதை மாத்திப் பாருங்க மேடம், ஒரே வாரத்துல வித்தியாசம் தெரியும்" என்றார், பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

பிரிப்பதற்குள் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, "சப்பாத்தியை நிறுத்திட்டீங்களா?" இன்னும் இல்லை என்றதும், "நல்லது. டெஸ்ட் முடியற வரைக்கும் நிறுத்தாதீங்கம்மா" என்றார்.

இந்த விமர்சனத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். சீலியாக் நோய் என்பது குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குவது. அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு டிடிஜி ஐஜிஏ என்று பெயர், அப்போது உடம்பு உண்டாக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை அது பார்க்கிறது. கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். நாமாகவே மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போய் டெஸ்ட் எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். அப்படி நிறுத்தியவர்களை மறுபடி ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிடச் சொல்லித்தான் டெஸ்டுக்கு அனுப்புவார்கள், நிஜமாகவே நோய் இருப்பவருக்கு அது பெரிய அவஸ்தை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்கு முதல் டெஸ்ட் பொய் சொல்லும். பாசிட்டிவ் என்றால் பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள்.

இன்னொரு பக்கம், "200 உணவுகளுக்கு ஒரே டெஸ்ட்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். அது ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் டெஸ்ட். ஒரு பொருளைச் சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி வருவது சாதாரணம், அதை வைத்து ஒவ்வாமை என்று சொல்லக்கூடாது என்று கனடாவின் அலர்ஜி மருத்துவர் சங்கம் 2012லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நம் ஊர்க் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. 2016ல் வெளிவந்த ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்ததில், சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. பஞ்சாபிலோ டெல்லியிலோ இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரை மதுரைக்காரருக்கு அப்படியே பொருந்தாது. அதற்காக நமக்கு வரவே வராது என்றும் இல்லை. காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால் சீலியாக்கையும் பார்ப்பது வழக்கம், என்னைப் பார்க்கச் சொன்னதும் அதனால்தான்.

எனக்கு நெகட்டிவ். மொத்த ஐஜிஏ சரியாக இருந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாதாளத்தில், பி12ம் குறைவு. புண், அசதி, முடி மூன்றுக்கும் காரணம் அங்கேயே கிடைத்தது. மாத்திரையோடு, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் விடச் சொன்னார், இரும்பு உடம்பில் சேர விடாதாம்.

மிச்சம் இருந்தது வயிறு. அதற்குத்தான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்தேன். இரவுச் சப்பாத்திக்குப் பதில் இட்லி சாப்பிட்ட நாட்களில் உப்புசம் குறைந்தது, இந்த மாவில் சப்பாத்தி போட்ட நாட்களில் பழைய கோதுமைச் சப்பாத்தியைவிட மோசம்! காரணம் பாக்கெட்டிலேயே இருக்கிறது, கடலை மாவு. பருப்பு வகைகளில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். கோதுமையிலும் ஃப்ரக்டான் என்று அந்த இனத்துச் சரக்கு ஒன்று உண்டு, வெங்காயத்திலும் பூண்டிலும்கூட. நார்வேயில், சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்வதில்லை என்று நம்பிய 59 பேருக்கு எது எதில் என்று சொல்லாமல் குளூட்டன், ஃப்ரக்டான், இரண்டும் இல்லாதது என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் வெளிவந்த அந்த முடிவில் வயிற்றைக் கூடுதலாகப் படுத்தியது ஃப்ரக்டான், குளூட்டன் அல்ல. என் விஷயத்திலும் சப்பாத்தியைவிட அதற்குத் தொட்டுக்கொண்ட வெங்காய மசாலாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதைக் குறைத்ததில் இப்போது கோதுமைச் சப்பாத்தியே இரண்டு தாராளமாக இறங்குகிறது.

சீலியாக் உறுதியானவர்களுக்கு இந்த மாவு உதவுமா? பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி, காசு அந்த உத்தரவாதத்துக்குத்தான். மில்லில் கேழ்வரகு அரைத்தால் காசு மிச்சம்தான், ஆனால் நமக்கு முன்னால் நின்ற அம்மா கோதுமை அரைத்திருப்பார், அந்த மாவு கல்லிலிருந்து முதலில் கொட்டுவது நம் தூக்கில்தான். நம் சமையலில் ஆபத்து சப்பாத்தியில் இல்லை, அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயம் என்றால் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். இட்லியில் குளூட்டன் கிடையாது, சாம்பாரில் இப்படி வந்துவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். கால் வீக்கத்துக்குக் குடிக்கும் பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள், ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ராகி சேமியா என்று பெயர் இருந்தாலும் பின்பக்கம் கோதுமை இருக்கிறதா என்று பாருங்கள். "சம்பா கோதுமை பாரம்பரிய ரகம், அதுல குளூட்டன் இல்லை" என்று ஒரு கடையில் சொன்னார்கள். சுத்தப் பொய், சம்பாவும் கோதுமைதான்.

ஆக, டெஸ்டில் உறுதியாகி, சப்பாத்தி இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் வாங்கலாம், சூடாகச் சாப்பிடுங்கள். கடலை மாவு சேராத பாக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். சந்தேகத்தில் மட்டும் இருப்பவர்கள் முதலில் லேபுக்குப் போங்கள், அதுவரை கோதுமையை விடாதீர்கள். எங்கள் வீட்டில் மீந்த மாவு முருங்கைக்கீரை போட்டு அடையாகப் போனது, அதற்கு மட்டும் கூட அரை மார்க் தந்திருக்கிறேன்.