கேபிடல் எழுத்து இல்லாத மொழியில் இசை நாடகப் பிரதி: எந்த வடிவம் தேறும்?

அமெரிக்க இசை நாடகப் பிரதி ஒன்றைப் புரட்டினால், ஒரு வரிகூடப் படிக்காமலே பாட்டு எங்கே வருகிறதென்று சொல்லிவிடலாம். பேச்சு சாதாரண எழுத்தில் இருக்கும், பாட்டு முழுக்கக் கேபிடலில். அங்குள்ள நாடகாசிரியர் சங்கமான டிரமாட்டிஸ்ட்ஸ் கில்டு தரும் மாதிரிப் பக்கங்களிலும் இதே முறைதான். தமிழில் எழுதுகிறவருக்குத் தலைவலி இங்கேயே ஆரம்பம். நமக்கு ஏது கேபிடல்?

அந்தக் கேபிடல் வெறும் அலங்காரம் இல்லை. ஒருத்தி பாடிக்கொண்டிருக்கிறாள், நடுவில் ஒரு வரி பேசுகிறாள், மறுபடி பாட்டுக்குத் திரும்புகிறாள். இசை நாடகத்தில் அடிக்கடி நடப்பது இது. ஒத்திகையில் ஆர்மோனியத்துக்கோ கீபோர்டுக்கோ முன்னால் இருப்பவருக்கு எந்த வரிக்குக் கை நிறுத்த வேண்டும் என்பதைப் பக்கமே சொல்ல வேண்டும். அமெரிக்க வடிவம் அதைச் சரியாகச் செய்கிறது. ஒவ்வொரு பாட்டு வரியும் தனி வரியாக, பேச்சிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும். இருவர் ஒரே நேரத்தில் பாடினால் பக்கத்துப் பக்கமாக இரண்டு பத்திகள். பக்க எண்ணில் அங்கம், காட்சி, பக்கம் மூன்றும் சேர்ந்தே வரும், தாள் கலைந்தாலும் அடுக்கிவிடலாம். காகிதம் நிறையச் செலவாகும், அது உண்மை.

அடுத்தது அச்சுப் புத்தக பாணி. பாத்திரப் பெயர் இடது ஓரத்தில், பேச்சு அதை ஒட்டியே ஓடும், மேடைக் குறிப்பு சாய்வெழுத்தில். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்து எழுதுகிறார்கள், கையில் கிடைக்கும் நாடகப் புத்தகம் இப்படி இருப்பதால். ஆனால் அது காகிதம் மிச்சம் பிடிக்கப் பதிப்பகம் கண்ட வழி. பென்சிலால் குறிப்பு எழுத இடமே இருக்காது. ஒத்திகைப் பிரதிக்கு நான் இதைச் சேர்க்கமாட்டேன்.

நம்மிடமே ஒரு வடிவம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் முதல் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்கள் வரை, ஒவ்வொரு துண்டுக்கும் தலையில் சீட்டு ஒட்டியிருக்கும்: விருத்தம், தரு (நாடகப் பாட்டு), வசனம். பாட்டென்றால் ராகம், தாளம், பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணம். இந்த ஒரு விஷயத்தில் நம் முறை பிராட்வேயை, அதாவது அமெரிக்க இசை நாடக முறையை, மிஞ்சுகிறது. அங்கே வசனப் பிரதியை மட்டும் வைத்து மெட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, அதற்குப் பியானோ இசைக்குறிப்பு தனிப் புத்தகமாக வரும். நமக்கு ஒரே வரியில் பாதி விஷயம் கிடைத்துவிடுகிறது. குறை வேறு இடத்தில். யார் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் அரிது. ஆடுகிறவர்களுக்கு மரபு தெரியும், எழுதி வைக்க அவசியம் இருக்கவில்லை. புதுக் கதையை மேடையேற்றுகிற இன்றைய குழுவுக்கு அது போதாது.

கணினிப் பக்கம் வந்தால், திரைக்கதையைச் சாதாரண உரைக் கோப்பாகவே எழுத உதவும் ஃபவுண்டன் என்ற எளிய குறியீட்டு முறை தமிழுக்கு ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. வரியின் தொடக்கத்தில் ~ போட்டால் அது பாட்டு. பாத்திரப் பெயரை அது கேபிடலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும், ஆனால் பெயருக்கு முன் @ போட்டால் தமிழ்ப் பெயரையும் ஏற்கும். இரண்டாவது பெயருக்குப் பின் ^ போட்டால் இருவர் பேச்சும் பக்கத்துப் பக்கமாக நிற்கும். முதல் வரைவுக்கு இதைவிடச் சுகமானது இல்லை. சிக்கல் அச்சிடும்போதுதான்: திரைக்கதைக்காரர்களின் கூரியர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் ஓடும் என்ற கணக்கும் பாட்டுப் பக்கத்தில் செல்லாது.

சரி, கேபிடலுக்குப் பதில் என்ன? தடித்த எழுத்தில் போட்டால் ஜெராக்ஸில் ண, ஞ எல்லாம் மையாக அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்குச் சொந்தமே இல்லை, பெரும்பாலும் கணினி நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டுவதுதான். மிஞ்சுவது இடம் விடுவது. அமெரிக்க எலும்புக்கூட்டில் நம் ராக, தாளத் தலைப்பை ஏற்றி, பாட்டை நன்றாக உள்ளே தள்ளி, மாறும் இடத்தில் ஒரு சொல் போட்டால் போதும்:

தங்கம்
(பாடி)
        மழை வருமின்னு சொன்னாங்க
        மாடியில நெல்லு காயுது
(பேசி)
அண்ணே, தார்ப்பாய் எங்க வச்சீங்க?
(பாடி)
        மழை வருமின்னு சொன்னாங்க…

இருவர் பாட்டுக்கு மட்டும் இது உதவாது. தமிழ்ச் சொற்கள் நீளம். ஏ4 தாளில் இரண்டு பத்தி போட்டால் வரி மடிந்து, யாருடைய எந்த அடி யாருடையதோடு சேர்கிறது என்பதே குழம்பிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கைவாட்டில் அச்சிட்டுச் செருகிவிடுங்கள்.