கோயில்ஓவர் வாங்கி 4,800 ரிங்கிட் போன கதை: டொயோட்டா 86 வைத்திருப்பவர்கள் படிக்கவும்

இன்று மதியம்தான் அந்தக் கடைக்காரன் என்னைப் புலனத்தில் தடை செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில்ஓவர், அதாவது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த செட், வாங்குபவர்களுக்கு உருப்படியாகப் பத்துக் குறிப்பாவது கொடுக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பார்க்கலாம்.

என் காடி 2013 டொயோட்டா 86. 130,000 கிலோமீட்டர் ஓடி அப்சார்பர் தளர்ந்துவிட்டது, கெசாஸ் நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்பு வரும்போதெல்லாம் பின்பக்கம் துள்ளும். புதிதாக ஸ்டாக் செட்டே, அதாவது காடியோடு வருகிற அதே வகையே போட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது. கோயில்ஓவர் என்றால் உயரத்தையும் டேம்பிங்கையும் (துள்ளலை அடக்கும் இறுக்கம்) நாமே திருகி மாற்றிக்கொள்ளலாம், செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிற அன்றைக்கு இறுக்கிவிட்டு, மற்ற நாளில் கிள்ளான் குழிகளுக்குத் தளர்த்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில், நட்சத்திரமெல்லாம் நிறைய வாங்கிய உதிரிபாகக் கடை. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு விழவில்லை. அவன் பேசிய விதம் அப்படி. "பாஸ், ரோடா டிராக்கா? பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருவார்களா? அப்படியென்றால் 8 கிலோ ஸ்பிரிங் வேண்டாம், ரொம்ப இறுக்கம், இடுப்பு போய்விடும், முன்னும் பின்னும் 6 போதும்" என்றான். விலை கூடுதலான செட்டை என் தலையில் கட்டாமல் குறைந்ததைச் சொல்கிறானே, நல்லவன் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில்தான் நான் தொலைந்தேன். அடுத்த பேச்சே, தளத்தில் கட்டாமல் நேராக வங்கிக் கணக்கில் போட்டால் 300 ரிங்கிட் குறைக்கிறேன் என்பதுதான். போட்டேன். 4,800 ரிங்கிட், ஒரே தவணை. ஜப்பான் ஒரிஜினல், டேம்பிங்கை மாற்ற 32 க்ளிக், ஓராண்டு வாரண்டி என்றான். பொருத்துவதற்கு ஒரு பட்டறையையும் அவனே காட்டினான்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பின் இடப்பக்கம் டொக் டொக் என்று சத்தம். டேம்பிங்கைத் திருகிப் பார்த்தேன், முதல் க்ளிக்குக்கும் கடைசி க்ளிக்குக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பின் இடப்பக்கத்துக் குமிழ் க்ளிக் சத்தமே இல்லாமல் சும்மா சுற்றுகிறது.

கேட்டால், "புதுசு பாஸ், 1,000 கிலோமீட்டர் ஓடட்டும், செட்டாகிவிடும்" என்றான். ஓட்டினேன். எண்ணெய் கசிய ஆரம்பித்தது. "பொருத்தியது சரியில்லை, பட்டறையைக் கேளுங்கள்" என்றான். பட்டறைக்காரரோ, "பொருளே சரியில்லை தம்பி, விற்றவனைக் கேளு" என்றார். மறுபடி இவன், "கழற்றி அனுப்புங்கள், தபால் செலவு உங்களுடையது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றான். கழற்றி அனுப்பிவிட்டு நான் காடியை எதில் ஓட்டுவது, செங்கல் மேலா? அப்புறம் நீல டிக் மட்டும்தான் வந்தது. தளத்தில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று இரண்டு வரி பதில்.

வேறொரு ஃபோர்மேனிடம் கொண்டுபோனேன். அங்கிள் காடியைத் தூக்கி முன் சக்கரத்துக்குள் கையை விட்டார், ஸ்பிரிங் விரலால் தள்ளினாலே ஆடுகிறது. உயரத்தை அப்சார்பரின் அடியில் இருக்கும் கீழ்ப் பிராக்கெட்டைத் திருகித்தான் குறைக்க வேண்டுமாம், அப்போதுதான் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறாது. இதில் அந்தப் பிராக்கெட் அசையவே அசையாது. அதனால் பட்டறையில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இறக்கிவிட்டு, இதோ உயரம் குறைந்துவிட்டது என்று அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பிரிங்கில் எத்தனை கிலோ என்ற அச்சே இல்லை. வரிசை எண் வெறும் ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டினாலே வந்துவிட்டது. வாரண்டி அட்டையில் கடை சாப்புகூட இல்லை, அதை நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. "ரீபில்ட் செய்ய முடியுமா அங்கிள்?" என்று கேட்டேன், சிரித்தார்.

4,800 ரிங்கிட். "பேரிலேயே கோயில் இருக்கிறது, அந்தக் காசை நிஜக் கோயில் உண்டியலில் போட்டிருந்தால் புண்ணியமாவது வந்திருக்கும்" என்கிறாள் மனைவி.

சரி, குறிப்புகள். தளத்துக்கு வெளியே காசு கட்டாதீர்கள், 300 இல்லை, 1,000 குறைத்தாலும் வேண்டாம். வரிசை எண்ணை வாங்குவதற்கு முன்பே அந்தப் பிராண்டின் அதிகாரபூர்வ முகவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பொருத்துவதற்கு முன்னால் நான்கு குமிழையும் நீங்களே திருகிப் பாருங்கள், பிராக்கெட் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். விற்றவன் காட்டும் பட்டறைக்குப் போகாதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், இப்போது தலை ஓடவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறேன், கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 வரை கேட்கலாம். கடையின் உண்மையான பதிவுப் பெயரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கழற்றிய என் பழைய அப்சார்பர்களை அந்தப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். நேற்று கேட்டால், பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிட்டார்களாம். கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் யாரிடமாவது 86-இன் ஸ்டாக் செட், நான்கும் கசியாமல் இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.