பெங்களூரு கோச்சிங்கா, வேலைவாய்ப்பு முகாமா, ஊர் அண்ணனா? முதல் இன்டர்வியூவுக்கு எதை நம்பலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு முதல் இன்டர்வியூ பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று ஓசூர் சிப்காட், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத் தொழிற்சாலைகள். இன்னொன்று பெங்களூரு ஐடி ஆபீஸ்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி தயாராவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கேள்வி கேட்கப் போகிறவர் யார் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதன்பிறகு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோச்சிங் சென்டரை முதலில் பார்ப்போம். ஜாவா, எஸ்க்யூஎல், டெஸ்டிங் என்று ஐடி பக்கம் போகிறவர்களுக்கு இது பயன்படும். ஆப்டிட்யூட் கணக்கை நேரம் வைத்துப் போட்டுப் பழகவும் நல்ல இடம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தினமும் போய்வருவது கஷ்டம். ரூம் எடுத்தால் ஃபீஸோடு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேரும். விவசாயக் குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது. அந்தப் பணத்துக்கு அங்கே சொல்லித்தரும் செல்ஃப் இன்ட்ரோ, ஒரு பேட்ச் முழுக்க ஒரே வார்த்தைகளில் ஒப்பிக்கிற ஒன்றாக இருந்தால் வயிறு எரிகிறது. "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று போர்டு வைத்தாலோ, செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்றாலோ அங்கே சேரவே வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் பொய்ச் சான்றிதழ் மாட்டினால் வேலையே போய்விடும்.

கல்லூரியில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் 'நான் முதல்வன்' பாடங்களை ஒழுங்காக முடியுங்கள். 2022 மார்ச் 1-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம் அது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அதிலேயே இருக்கிறது. மார்க்குக்காக மட்டும் கிளிக் செய்து முடிப்பவர்கள்தான் அதிகம்.

ஓசூர் பக்கத்து ஃபேக்டரிக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு ஊர் அண்ணனுக்குத்தான். அண்ணன் என்றால் அதே மாதிரி ஷாப் ஃப்ளோரில் (உற்பத்தி நடக்கும் இடத்தில்) ஷிஃப்ட் பார்க்கிற, உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிற ஒருவர். அங்கே நேர்காணலில் உட்காரும் சூப்பர்வைசர் கேட்பது பொருளைக் கையில் பிடித்தவனுக்குத்தான் தெரியும். வெர்னியர் காலிப்பரை நீட்டி அளவு பார்க்கச் சொல்வார். அதன் லீஸ்ட் கவுண்ட் (அளக்க முடிகிற மிகச்சிறிய அளவு) 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01 என்று மனப்பாடமாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "எப்படி வந்தது?" என்பதாக இருக்கும். மைக்ரோமீட்டரின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மில்லிமீட்டர், திம்பிளில் (கையால் சுற்றும் உறையில்) 50 கோடு, ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.01. இதை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தந்தால் சாகும்வரை மறக்காது. ஃபைவ் எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) என்றால் என்ன, லைன் நின்றுவிட்டால் முதலில் யாரிடம் சொல்வாய், நைட் ஷிஃப்ட் வருவாயா, அரியர் எத்தனை, படிப்பில் இடைவெளி ஏன் என்றெல்லாம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். பதிலைப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். எங்கே திணறுகிறீர்கள் என்று உங்களுக்கே புரியும்.

பெண்பிள்ளைகளுக்கு இது அக்காவாக இருக்கட்டும். ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பங்கு பெண்கள். ஹாஸ்டல் எப்படி, வீட்டில் இரவு ஷிஃப்டுக்கு விடுவார்களா என்ற கேள்விக்கு என்ன சொல்லலாம், இதெல்லாம் அங்கிருந்து வந்தவள் சொன்னால்தான் வீட்டிலும் எடுபடும்.

அண்ணனிடமும் குறை உண்டு. அவர் டிபார்ட்மென்ட்டைத் தாண்டிச் சொல்லமாட்டார். அவர் சேர்ந்த காலத்து நடைமுறை இப்போது மாறியிருக்கலாம். "நான் பேசிக்கிறேன்டா" என்று அவர் தைரியம் சொன்னதை நம்பிப் படிக்காமல் போனவர்களும் உண்டு.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம் மூன்றாவது வழி. காசில்லை. ஒரே காலையில் நாலைந்து மேசையில் உண்மையான ஹெச்ஆர்களிடம் பேசலாம். இந்தப் பழக்கத்தை எந்த கோச்சிங்கும் தராது. பிடித்த கம்பெனியின் மேசைக்கு மூன்றாவதாகப் போங்கள், அதற்குள் நாக்கு தெளிந்திருக்கும். எங்கே தப்பு செய்தோம் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், அது ஒரு குறை. கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி வேலையா), கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்ரன்டிஸ் பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே தீரவேண்டும் என்று 1961-ம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை.

கையில் பத்து நாள்தான் இருக்கிறது, ஃபேக்டரி வேலை என்றால் கோச்சிங்கை விட்டுவிடுங்கள்: முதல் வாரம் அண்ணனோடு, நடுவில் முகாம் வந்தால் ஒருநாள் அங்கே. ஐடிக்குப் போகிறவர்கள் மட்டும் கோச்சிங் பற்றி யோசிக்கலாம், அதுவும் ஒரு டெமோ வகுப்பு உட்கார்ந்து பார்த்த பிறகு.