அல்பினோ கெக்கோ வாங்க நிற்பவர்கள் கவனத்துக்கு

ரொறொன்ரோப் பக்க ஊர்வனக் கண்காட்சிகளில் அல்பினோ லெபர்ட் கெக்கோ (கருநிறமி குறைந்த, வீட்டில் வளர்க்கும் ஒருவகைப் பல்லி) வாங்கும் யோசனை இருந்தால், காசைக் கொடுக்கமுன் இதை வாசியுங்கள்.

மகளுக்காக ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய குஞ்சு அது. செம்மஞ்சள் உடம்பு, முழுச் சிவப்புக் கண். 'ராப்டர்' என்ற அல்பினோ வகை, முதல்தரம், நன்றாகச் சாப்பிடும் என்றார். இடுக்கியால் நீட்டிய புழுவைக் கவ்வும் வீடியோவும் காட்டினார். விலை சாதாரண கெக்கோவைவிடப் பல மடங்கு. கூடவே பளீரென்ற வெள்ளை வெப்ப பல்ப், பகலில் வெயில் காயும் பியர்டட் டிராகன் பல்லிக்குப் போடும் கடுமையான புறஊதா விளக்கு, கல்சியம் மணல் என்று எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டினார்.

வீட்டில் விளக்கைப் போட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். இரவில் வெளியே வந்தாலும் கிரிக்கெட் பூச்சி ஒரு பக்கம் ஓட, இது வெறும் மணலைக் கடிக்கும். கொழுப்பைச் சேர்த்துவைக்கும் வால் மெலியத் தொடங்கியது. விற்றவருக்கு எழுதினேன். சூடு காணாது, இன்னும் பெரிய பல்ப் போடுங்கள் என்று பதில் வந்தது! காசு போனதைவிட அந்தப் பதில்தான் இன்றும் எரிச்சல்.

ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் முதலில் அந்த விளக்குகளைக் கழற்றச் சொன்னார். கண்ணுக்குள் வரும் மிகை ஒளியை உறிஞ்சுவது மெலனின் என்ற கருநிறமி, அல்பினோவுக்கு அதுதான் குறைவு. சாதாரண லெபர்ட் கெக்கோ பகலில் கண்மணியை நூல்போலச் சுருக்கிக்கொள்ளும். அல்பினோவுக்குக் கண்மணியைச் சுற்றியிருக்கும் படலமே ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது, சுருக்கியும் பெரிய பயனில்லை. அதுவும் அந்திநேரத்தில் இரை தேடும் பிராணி. உரிந்த தோல் இமைக்குள் ஒட்டியிருக்கிறதா, விட்டமின் ஏ குறைபாடா என்றும் பார்த்தார். இரண்டும் இல்லை.

ஆனால் மேசையில் விட்டதும் அது தலையைச் சரித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. அது கண் கூச்சம் அல்ல, 'எனிக்மா' என்ற இன்னொரு நிறவகையின் மரபணுவோடு வரும் நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்றார். இரையைக் குறி தவறுவது அதிலும் உண்டு. மருந்து கிடையாது. தாய் தகப்பன் எந்த வகை என்று விற்றவரை நெருக்கிக் கேட்டபிறகுதான், தாய் எனிக்மா என்று ஒத்துக்கொண்டார். ராப்டரும் எனிக்மாவும் கலந்தால் 'நோவா' என்று தனிப்பெயரே இருக்கிறது. விற்கும்போது அந்தப் பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

வாங்குவதென்றால், ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் இந்த மூன்றில் எந்த அல்பினோ வரிசை என்று கேளுங்கள், மூன்றும் தனித்தனி மரபணு. வேறுவேறு வரிசைகளைச் சேர்த்தால் குஞ்சு சாதாரண நிறத்தில்தான் பிறக்கும். ஆகவே வரிசை தெரியாதவருக்குப் பெற்றோரையும் தெரியாது. எனிக்மா இரத்தம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இடுக்கி வீடியோவை நம்பவேண்டாம், மூக்குக்கு நேரே நீட்டினால் பார்வையில்லாத கெக்கோவும் கவ்வும். மங்கலான வெளிச்சத்தில் ஓடும் பூச்சியைத் துரத்திப் பிடிக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். காட்ட மறுத்தால் அடுத்த மேசைக்குப் போங்கள்.

இப்போது ஒளியில்லாத செராமிக் ஹீட்டரும் தேர்மோஸ்டாட்டும் வைத்து, சூடான பக்கத் தரையை 32 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறோம். மணலை எடுத்துவிட்டுப் பேப்பர் டவல் விரித்தாயிற்று. புழுவை வழுவழுப்பான கிண்ணத்தில் எப்போதும் ஒரே மூலையில் வைக்கிறோம், மற்றும்படி மகள் இடுக்கியால் ஊட்டுகிறாள். வால் கொஞ்சம் தேறியிருக்கிறது. வைத்தியச் செலவு கெக்கோவின் விலையைத் தாண்டிவிட்டது. உயிருள்ள பிராணிகளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். அதே தாயின் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளை அந்த மனிதர் 'ராப்டர்' என்றுதான் விற்றுக்கொண்டிருக்கிறார்.